அம்மா அப்பாவுக்கு மாசாமாசம் பணம்: ஏன், எவ்ளோ, எப்படி? அடிக்கடி வர்ற கேள்விகள்

பெத்தவங்களுக்கு நாம எதுக்கு பணம் குடுக்கணும்? இத்தன வருஷம் சம்பாதிச்சவங்க சேத்து வச்சிருக்க மாட்டாங்களா?

சேத்துதான் வச்சிருந்தாங்க, அத நம்ம மேல போட்டுட்டாங்க, அவ்ளோதான் விஷயம். நம்ம ஊர்ல ஒரு சாதாரண குடும்பத்த எடுத்து பாருங்க, காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், அக்கா கல்யாணம், அந்த கல்யாணத்துக்கு வாங்கின கடன், அப்புறம் ஒரு மாடி எழுப்புறதுக்கு பிஎஃப்ல இருந்து எடுத்த பணம்னு ஒவ்வொண்ணா கழிச்சிட்டே வந்தா அறுபது வயசுல கையில நிக்கிறது வீடும் கொஞ்சம் நகையும்தான், அந்த நகையும் பாதி நாள் பேங்க்ல இருக்கும்.

சரி பென்ஷன் வருமேனு கேப்பீங்க. மில்லுலயோ கம்பெனிலயோ வேல பாத்து ரிட்டயர் ஆனவங்களுக்கு இபிஎஸ்னு பிஎஃப் ஆபீஸ் குடுக்குற பென்ஷன் இருக்கு, அதோட குறைந்தபட்ச தொகை 1,000 ரூபானு 2014 செப்டம்பர்ல வச்சாங்க. 15,000 சம்பளத்த உச்சமா வச்சுத்தான் கணக்கு போடுவாங்க, 35 வருஷம் சர்வீஸ் போட்டவருக்கே அந்தக் கணக்குல 7,500 தான் வரும். இது பிஎஃப் பிடிச்ச எடத்துல வேல பாத்தவங்க கதை. தறி ஓட்டினவங்க, கொத்து வேல பாத்தவங்க, சொந்தக் காடு வச்சு வெள்ளாமை பண்ணவங்க, பெட்டிக்கட போட்டவங்க இவங்களுக்கு அதுவும் கிடையாது. ஓஏபி, அதான் முதியோர் உதவித்தொகை, கிடைச்சா உண்டு. தமிழ்நாட்ல அத 2023ல 1,200 ஆக்கினாங்க, அதுல டெல்லில இருந்து வர்ற பங்கு 79 வயசு வரைக்கும் 200 ரூபா, 80 ஆனா 500. ஆக பென்ஷன்னு ஒண்ணு இல்லாத வீட்ல பென்ஷன் யாருன்னா புள்ளைங்கதான், அத மனசுல வச்சுத்தான் அவங்க செலவே பண்ணிருக்காங்க.

அப்போ இது கடனா, பாசமா, இல்ல ஊர் பேசும்னு பயமா?

மூணும் கலந்துதான். இத பிரிச்சு பாக்க பொருளாதாரக்காரங்களே ட்ரை பண்ணிருக்காங்க. 1985ல லூகாஸ், ஸ்டார்க்னு ரெண்டு பேரு ஆப்பிரிக்கால போட்ஸ்வானாங்குற நாட்ட வச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க, டவுனுக்கு வேலைக்கு போனவங்க ஊருக்கு ஏன் பணம் அனுப்புறாங்கனு. அதுல என்னன்னா பாசமும் இருக்கு, ஆனா மாட்டு மந்தை பெருசா இருக்குற வீட்டுக்கு மகனுங்க அதிகமா அனுப்பிருக்காங்க, ஏன்னா அந்த மாடு நாளைக்கு இவங்களுக்குத்தானே. படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, மாடுங்குற எடத்துல ரோட்டோர மூணு சென்ட்னு போட்டா நம்ம ஊரு.

ஆனா என் கண்ணுக்கு தெரிஞ்ச வரைக்கும், எழுதி வைக்க ஒண்ணுமே இல்லாத வாடக வீட்டு அம்மாக்களுக்கும் பசங்க அனுப்பிட்டுத்தான் இருக்காங்க, அதனால சொத்து ஒண்ணுதான் காரணம்னு சொன்னா அது பொய். அவங்க நம்மள பாத்துக்கிட்டாங்க, இப்ப நம்ம முறை. கேட்டா நிறைய பேரு இத இவ்ளோ சிம்பிளாதான் சொல்லுவாங்க.

சொந்த வீடு, ரேஷன்ல ஃப்ரீ அரிசி, 100 யூனிட் வரைக்கும் கரன்ட் ஃப்ரீ. ரெண்டு பேருக்கு அப்படி என்ன செலவு இருக்கும்?

இந்தக் கேள்விய கேக்குறவங்க பெரும்பாலும் சென்னைலயோ பெங்களூர்லயோ இருந்துட்டு தீபாவளி பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு போறவங்க. அரிசி பருப்பு பெரிய செலவு இல்ல, ஒத்துக்குறேன். மருந்து ஒரு பக்கம், அத கீழ தனியா சொல்றேன். நம்ம கண்ணுக்கு தெரியாத பெரிய செலவு மொய்.

உங்க அம்மா பீரோல துணிக்கு அடியில ஒரு நோட்டு இருக்கும், இல்லன்னா பழைய டைரி. உங்க காதுகுத்து, அக்கா சடங்கு, உங்க கல்யாணம், புதுமனை புகுவிழா எல்லாத்துக்கும் யார் யார் எவ்ளோ வச்சாங்கனு ஊர் பேரு போட்டு, அப்பா பேரு போட்டு, தொகை போட்டு எழுதி வச்சிருப்பாங்க. திருப்பி செஞ்ச பேருக்கு நேரா ஒரு டிக். டிக் இல்லாத பேரெல்லாம் வரப்போற செலவு. உங்க கல்யாணத்துக்கு 500 வச்சவரு வீட்டு விசேஷத்துக்கு இன்னிக்கு அதே 500ஓட போக முடியாது, ஏத்தித்தான் வைக்கணும். வைகாசி ஆவணி மாதிரி முகூர்த்த மாசத்துல ஒரே ஞாயித்துக்கிழமைல மூணு பத்திரிகை வரும். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம்னா ஆடி மாசம் மொய் விருந்துனே தனியா நடக்கும், அங்க தொகையெல்லாம் வேற லெவல். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, அந்த நோட்டுல இருக்குற கடன் உங்க விசேஷத்துக்கு வந்த பணம், அத இப்ப வருமானம் இல்லாத உங்க அப்பா அடைச்சிட்டு இருக்காரு. போகாம இருந்தாலும் நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க, அவங்களும் தெருவுல நடக்கணும்ல.

அது போக கோயில் வரி, துக்க வீட்டுக்கு போற பஸ் காசு, மாலை, பேரன் பேத்தி வந்தா வாங்கி குடுக்குற தின்பண்டம். பேத்தி கையில ஒரு 200 ரூபா திணிக்க முடியலனா தாத்தாவுக்கு அது எவ்ளோ பெரிய கொறைனு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல.

எவ்ளோ குடுக்கணும்? சம்பளத்துல 10 சதவீதம், 20 சதவீதம்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இல்ல. சம்பளத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, அவங்க செலவுல இருந்து ஆரம்பிங்க. காய்கறி, பால், சிலிண்டர், கேபிள், மாத்திரை, மாசம் ஒரு தடவ டாக்டர், சராசரியா மொய், எல்லாம் கூட்டிக்கோங்க. அவங்களுக்கு வர்ற வாடகை, பென்ஷன், 2023 செப்டம்பர்ல இருந்து குடுக்குற மகளிர் உரிமைத் தொகை 1,000 வந்தா அதையும் கழிச்சிடுங்க. மீதி வர்றத பசங்க எத்தன பேரோ அத்தன பேரா பிரிச்சா ஒரு நம்பர் வரும். அதுக்கு மேல கொஞ்சம் போட்டு குடுங்க, ஏன்னா அவங்க சொல்ற லிஸ்ட்ல எப்பவும் ரெண்டு மூணு விஷயம் கம்மியாத்தான் இருக்கும். வருஷா வருஷம் அத ஏத்தவும் செய்யணும். அஞ்சு வருஷமா அதே 5,000 அனுப்பிட்டு நான் கரெக்டா அனுப்பிட்டுத்தானே இருக்கேன்னு சொல்றவங்கள எனக்கு தெரியும், அந்த அஞ்சு வருஷத்துல அவங்க சம்பளம் மட்டும் அப்படியே நின்னுச்சா என்ன.

தேவப்படும்போது கேட்டா குடுத்துடுவேன், அது போதாதா?

போதாது, இந்த பக்கத்துல நான் அழுத்தி சொல்ல விரும்புறது இது ஒண்ணுதான். நீங்க கேட்டா குடுப்பீங்க, ஆனா அவங்க கேக்க மாட்டாங்க. போன்ல பேசுறப்ப "நல்லா இருக்கோம்யா, நீ சாப்ட்டியா"னுதான் வரும். அப்பா மெடிக்கல் ஷாப்புல நின்னு சுகர் மாத்திரை முழு அட்டை வாங்காம "ஒரு வாரத்துக்கு மட்டும் வெட்டி குடுப்பா"னு கேப்பாரு, அம்மா பிரஷர் மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவாங்க, கேட்டா "தலசுத்தல் இல்ல, அதான் போடல"னு பதில் ரெடியா இருக்கும். காலம் பூரா நமக்கு குடுத்த கை, அத நீட்டி கேக்குறது அவங்களுக்கு அவ்ளோ கஷ்டம். அதுலயும் மருமக மருமகன் பக்கத்துல இருக்கும்போது கேக்கவே மாட்டாங்க.

அதனால கேக்குற வேலையே இல்லாம பண்ணிடுங்க. பேங்க் ஆப்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டா மாசம் 1ம் தேதியோ 2ம் தேதியோ சம்பளம் வந்த கையோட தானா போயிடும். அவங்க பேர்ல இருக்குற அக்கவுன்ட்டுக்கு போகணும், ஏடிஎம் கார்டு அவங்க கையில இருக்கணும். பாஸ்புக்கையும் கார்டையும் மூத்தவன் வச்சுக்கிட்டு "என்ன வேணும்னு சொல்லு வாங்கித் தரேன்"னு சொன்னா அது குடுத்ததுல சேராது. ஏடிஎம் பழக்கம் இல்லாதவங்களுக்கு போஸ்ட் ஆபீஸ் அக்கவுன்ட் வசதி, போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து கைரேகை வச்சு பணம் குடுப்பாரு.

குடுத்த பணத்துக்கு கணக்கு கேக்கலாமா? நான் அனுப்புறத அப்படியே தம்பிக்கு குடுத்துடுறாங்க.

கேக்காதீங்க. குடுத்தப்புறம் அது அவங்க பணம், தம்பிக்கு குடுப்பாங்க, கோயில் உண்டியல்ல போடுவாங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கு கைமாத்து குடுப்பாங்க. "பெத்த மனம் பித்து"னு சும்மாவா சொன்னாங்க, கொஞ்சம் கஷ்டப்படுற புள்ள பக்கம்தான் அது சாயும், அந்த எடத்துல நீங்க இருந்திருந்தா உங்க பக்கம் சாஞ்சிருக்கும். ஆனா மருந்துக்கு இல்லாம தம்பிக்கு போகுதுன்னா அப்ப விஷயம் வேற. மருந்து, இன்சூரன்ஸ், கரன்ட் பில் இதெல்லாம் நேரா நீங்க கட்டிடுங்க, கைச்செலவ மட்டும் கையில குடுங்க. தம்பி குடிக்கு அடிமையாகி அடிச்சு புடுங்குறான்னா அது பணப் பிரச்சனையே இல்ல, முதியோர் ஹெல்ப்லைன் 14567க்கு போன் போடுங்க, இலவசம்தான்.

அண்ணன் ஒரு பைசா தர மாட்டேங்கிறான், நான் மட்டும் ஏன் குடுக்கணும்?

நியாயமான கோவம். ஆனா அவன் தரலங்குறதுக்காக நீங்களும் நிறுத்தினா பட்டினி அண்ணனுக்கு இல்ல. ஒரு தடவ எல்லாரும் உக்காந்து பேசுங்க, அம்மா அப்பா முன்னாடி வேண்டாம். பணம் தர முடியாதவங்க ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது, ஊர்லயே கூட இருந்து பாக்குறதுனு செய்யலாம், அதுவும் ஒரு பங்குதான், சொல்லப்போனா பெரிய பங்கு. அமெரிக்கால இருந்து பணம் அனுப்புறவனுக்கு ஊரே கை தட்டும், நடுராத்திரில அப்பாவ பாத்ரூமுக்கு கூட்டிட்டு போற மருமகள யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

பொண்ணுங்க குடுக்கணுமா? "பொண்ணு வீட்ல கை நனைக்க மாட்டோம்"னு அப்பா சொல்றாரு.

குடுங்க, தாராளமா. சட்டமும் அப்படித்தான் சொல்லுது, கல்யாணமான மகளுக்கும் பெத்தவங்கள பாக்குற பொறுப்பு இருக்குனு சுப்ரீம் கோர்ட் 1987லயே தீர்ப்பு குடுத்தாச்சு. சொத்துல பங்குனு வர்றப்ப தமிழ்நாடு 1989லயே கல்யாணமாகாத பொண்ணுங்களுக்கு பூர்வீக சொத்துல சம உரிமை குடுத்துச்சு, 2005ல மத்திய சட்டமும் மாறி எல்லா பொண்ணுங்களுக்கும் வந்துச்சு. பங்கு மட்டும் சமம், பாக்குறது மட்டும் பையன்னா எப்படி?

அப்பாவோட கூச்சம் வேற விஷயம், அது அவங்க தலைமுறைல ஊறினது, மாப்ள காசுல சாப்பிடுறோம்னு யாராவது சொல்லிடுவாங்களோனு பயம். நீங்க வேலைக்கு போறவங்கன்னா "இது என் சம்பளம்ப்பா"னு சொல்லி குடுத்துப் பாருங்க. வீட்ல இருக்குறவங்கன்னா வீட்டுக்காரரையே போன் பண்ணி "மாமா, இத வச்சுக்கோங்க"னு சொல்ல வைங்க, நிறைய வீட்ல இது வேல செஞ்சிருக்கு.

வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லாம அனுப்பலாமா? இல்ல வீட்டுக்காரருக்கு தெரியாம?

வேண்டாம். என்னிக்காவது ஸ்டேட்மென்ட்ல தெரியும், அப்புறம் பிரச்சன தொகைல இருக்காது, மறச்சதுல இருக்கும். அவ சண்ட போட்டா அதுக்கும் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், உங்க வீட்டுக்கு 10,000 போகும்போது அவங்க வீட்டுக்கு என்ன போகுதுனு பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செஞ்சா பாதி சண்ட நின்னுடும்.

அப்பா கவர்மென்ட் வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, நல்ல பென்ஷன். அவருக்குமா?

அவருக்கு வேண்டாம், அம்மாவுக்கு குடுங்க. பென்ஷன் அப்பா அக்கவுன்ட்ல வருது, பூ வாங்கக்கூட அம்மா கை நீட்டணும்.

மருந்து, ஆஸ்பத்திரினு போனா மாசாமாசம் அனுப்புறதெல்லாம் எந்த மூலைக்கு?

சரிதான், ஒரு பைபாஸ், ஒரு இடுப்பு எலும்பு முறிவு வந்தா மொத்த கணக்கும் காலி. அதனால வரிசையா இத பண்ணி வைங்க. முதலமைச்சர் காப்பீடு கார்டு இருக்கானு பாருங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்குற குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமான வரம்பே பாக்காம 5 லட்சம் கவர் ஆயுஷ்மான் பாரத்ல 2024 அக்டோபர்ல இருந்து இருக்கு, ஆதார் இருந்தா போதும். எந்த ஆஸ்பத்திரி எடுத்துக்கும்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, அட்மிஷன் கவுன்டர்ல நின்னுட்டு கேக்குற கேள்வி இல்ல அது.

தனியார் இன்சூரன்ஸ் எடுக்குறதுன்னா 65க்கு மேல தர முடியாதுங்குற பழைய கதை 2024ல போயிடுச்சு, ஏற்கனவே இருக்குற வியாதிக்கு வெயிட்டிங் பீரியட், அதாவது க்ளெய்ம் பண்ண முடியாம காத்திருக்குற காலம், அதிகபட்சம் 3 வருஷம்தான், 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்ல. ஆனா பிரீமியம் பயங்கரமா இருக்கும், சுகர் பிரஷர் இருக்குனு மறைக்காம எழுதுங்க, மறச்சா க்ளெய்ம் அன்னிக்கு தெரியும்.

மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சா மக்களைத் தேடி மருத்துவம் மூலமா சுகர் பிரஷர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. "கவர்மென்ட் மாத்திர கேக்காது"னு அப்பா சொல்லுவாரு, டாக்டர விட்டு சொல்ல வைங்க.

பெத்தவங்களுக்கு குடுக்குறதுக்கு டாக்ஸ் உண்டா? மிச்சம் ஏதாவது கிடைக்குமா?

மகனோ மகளோ அப்பா அம்மாவுக்கு குடுக்குற பணம் எவ்ளோ ஆனாலும் அவங்களுக்கு டாக்ஸ் கிடையாது, வெளிநாட்ல இருந்து வந்தாலும் அப்படியே. வருமான வரில பழைய ரெஜிம்ல இருக்கீங்கன்னா சீனியர் சிட்டிசன் பெத்தவங்களோட இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 50,000 வரைக்கும் கழிச்சுக்கலாம், பாலிசி இல்லாதவங்கன்னா மருத்துவ செலவுக்கே அந்த 50,000 கழியும், பணமா குடுக்காம பேங்க் வழியா கட்டிருக்கணும். புது ரெஜிம்ல இது கிடையாது.

மொத்தமா ஒரு தொகை குடுக்க முடிஞ்சா அவங்க பேர்ல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல போட்டு விடுங்க. 2023 ஏப்ரல்ல வட்டிய 8.2 சதவீதம் ஆக்கினாங்க, லிமிட் 15 லட்சமா இருந்தத 30 லட்சம் ஆக்கினாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி வரும், அவங்க யாரையும் கேக்காம எடுத்துக்கலாம். பொண்டாட்டி பேர்ல போட்டா வர்ற வட்டி உங்க வருமானத்துல சேரும், பெத்தவங்க பேர்ல போட்டா சேராது.

சட்டப்படி குடுத்தே ஆகணுமா?

ஆமா. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல வந்தது. ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் குடுக்குறவர் இல்ல) ஆபீஸ்ல ஒரு பெட்டிஷன் குடுத்தா போதும், அவர்தான் தீர்ப்பாயத்துக்கு தலைவர். வக்கீல் வைக்க வேண்டியதில்ல, சட்டத்துல அதுக்கு எடமே இல்ல. நோட்டீஸ் போனதுல இருந்து 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு விதி, மிஞ்சிப்போனா இன்னொரு 30 நாள். அதிகபட்சம் மாசம் 10,000 வரைக்கும் ஆர்டர் போடலாம். அதுக்கு மேல வேணும்னா இதுக்கு பதிலா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல ஜீவனாம்சம் கேக்கலாம், அங்க உச்சவரம்பு இல்ல. புள்ள இல்லாத பெரியவங்க கூட, தன் சொத்து யாருக்கு வரப்போகுதோ அந்த சொந்தக்காரங்ககிட்ட கேக்கலாம்.

இது இருக்குறது நல்லதுதான், ஆனா பெத்த புள்ள மேல பெட்டிஷன் குடுக்குறதுக்கு ஒரு அம்மா எவ்ளோ தூரம் போயிருக்கணும்னு யோசிச்சு பாருங்க, முக்கால்வாசி பேரு அந்த ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு திரும்பிடுவாங்க.

வீட்ட எழுதி வாங்கிட்டு இப்ப பாக்க மாட்டேங்குறான். திருப்பி வாங்க முடியுமா?

முடியும், ஆனா பத்திரத்துல என்ன எழுதிருக்குங்குறது முக்கியம். அதே 2007 சட்டத்துல 23வது பிரிவுன்னு இருக்கு, பாத்துக்கணும்ங்குற நிபந்தனையோட எழுதி குடுத்து, அவன் பாக்கலன்னா அந்த செட்டில்மென்ட்ட ரத்து பண்ணலாம். அந்த நிபந்தனை இருக்குனு காட்டணும்னு சுப்ரீம் கோர்ட் 2022 டிசம்பர்ல கறாரா சொல்லுச்சு, 2025 ஜனவரில வந்த இன்னொரு தீர்ப்புல பெரியவங்களுக்கு சாதகமா தாராளமா இந்த சட்டத்த பாக்கணும்னு சொல்லுச்சு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்காம இருக்க, எழுதும்போதே "என் ஆயுள் வரை என்னையும் என் மனைவியையும் பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து செய்யலாம்"னு ஒரு வரி போட சொல்லுங்க. பத்திரம் எழுதுறவரு "அதெல்லாம் எதுக்கு, பெத்த புள்ளதானே"ம்பாரு. எழுத சொல்லுங்க. இன்னும் நல்லது உயில், இருக்குற வரைக்கும் வீடு உங்க பேர்லயே இருக்கும்.

சின்ன வயசுல எங்கள விட்டுட்டு போன அப்பா, இப்ப வந்து கேக்குறாரு.

இதுக்கு நான் குடுங்க குடுக்காதீங்கனு சொல்ல மாட்டேன். வளத்ததுக்கு திருப்பி செய்யிறதுதான் இதோட அடிப்படைன்னா, வளக்காதவருக்கு அந்தக் கணக்கே இல்ல. சில பேரு அம்மாவுக்காக குடுக்குறாங்க, சில பேரு மருந்து செலவோட நிறுத்திக்கிறாங்க, சில பேரு கதவ சாத்திடுறாங்க, மூணு பேரையும் நான் தப்பு சொல்ல மாட்டேன். அவரு ஆர்டிஓகிட்ட போனா நோட்டீஸ் வரலாம், அத கிழிச்சு போடாம போய் நடந்தத சொல்லுங்க.

எனக்கே வீட்டு லோன், புள்ள ஃபீஸ். எங்க இருந்து குடுக்குறது?

தனக்கு மிஞ்சித்தான் தானம், பர்சனல் லோன் எடுத்து அனுப்பாதீங்க, அது தெரிஞ்சா அவங்களுக்கே தூக்கம் வராது. முடிஞ்சது 1,500ஆ, அத தவறாம அனுப்புங்க. தேதி தவறாத 1,500 இருந்தா மெடிக்கல் ஷாப்புல முழு அட்டை வாங்கலாம், எப்ப வரும்னே தெரியாத 10,000ஐ நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா லோன் ஃபீஸ்னு சொல்ற லிஸ்ட்ல வாரம் ரெண்டு தடவ ஸ்விக்கியும் வருஷா வருஷம் மாத்துற போனும் இருந்தா, அந்த லிஸ்ட்ட இன்னொரு தடவ பாத்துடுங்க.

நம்ம புள்ளைங்க நமக்கு இப்படி குடுப்பாங்களா?

குடுக்கலாம், ஆனா நம்பி உக்கார வேண்டாம். நம்ம அப்பா அம்மாவ நாலு பேரு சேந்து பாத்தாங்க, நமக்கு இருக்குறது ஒண்ணு இல்லனா ரெண்டு, அதுவும் எந்த நாட்ல இருக்கும்னு தெரியாது. என்பிஎஸ், பிபிஎஃப் மாதிரி வயசான காலத்துக்கான சேமிப்பு, மெடிக்கல் பாலிசினு இப்பவே ஆரம்பிங்க. அவங்களுக்கு அனுப்புறதயும் இதையும் ஒண்ணுக்கொண்ணு போட்டியா வைக்காதீங்க, ரெண்டும் சம்பளம் வந்த அன்னிக்கே போகட்டும்.

எல்லாம் சரி, அவங்க வாங்கவே மாட்டேங்குறாங்க. "நீ நல்லா இருந்தா போதும்"னு திருப்பி அனுப்புறாங்க.

முதல் தடவ அப்படித்தான். விவாதம் பண்ணாதீங்க, பில்ல கட்டிடுங்க. கரன்ட் பில் நம்பர உங்க ஆப்ல சேத்து வச்சுக்கிட்டா அவங்களுக்கு முன்னாடி நீங்க கட்டிடலாம், சிலிண்டர் புக் பண்றப்பவே ஆன்லைன்ல கட்டலாம், போன் ரீசார்ஜ் வருஷத்துக்கு ஒரே தடவ போட்டுடலாம், மருந்த ஊர்ல இருக்குற மெடிக்கல் ஷாப்காரர்கிட்ட சொல்லி வச்சு ஜிபேல நேரா அவருக்கே அனுப்பிடலாம். அம்மாவுக்கு அவங்க பேர்லயே போஸ்ட் ஆபீஸ்ல மாசாமாசம் கட்டுற ஒரு ஆர்டி போடுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு மெச்சூர் ஆகும், பேத்தி சடங்குக்கு தோடு வாங்க வச்சுக்கோங்கனு சொன்னா மறுக்க மாட்டாங்க.